நாசிக்: ஒயின் தேங்கிய காலத்தில் வாசலைத் திறந்தவர்கள்

2009, 2010 வாக்கில் நாசிக் மாவட்டத்தில் நன்றாகக் காய்க்கிற திராட்சைக் கொடிகளை விவசாயிகளே வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். கொடியில் நோய் இல்லை. தண்ணீருக்கும் பஞ்சம் இல்லை. பழத்தை வாங்க ஆள் இல்லை, அவ்வளவுதான். அவை ஒயினுக்கென்று நட்ட கொடிகள். பழம் சின்னதாக இருக்கும், தோல் தடிப்பு, உள்ளே கொட்டை. சந்தையில் கொண்டுபோய்க் கொட்டினால் யாரும் சாப்பிட வாங்க மாட்டார்கள். ஆலை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அந்தப் பழத்துக்கு வேறு போக்கிடம் கிடையாது.

நான் கம்பம் பள்ளத்தாக்குக்காரன். கல்தூண் ஊன்றி, கம்பி இழுத்துப் பந்தல் போட ஒரு குடும்பம் எவ்வளவு கடன் வாங்கும் என்று வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவன். காய்க்கிற கொடியை ஒருவர் தன் கையாலேயே வெட்டுகிறார் என்றால் அந்த வீட்டில் அன்று அடுப்பு எரிந்திருக்குமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றும்.

அதே நாசிக்கில், அதே 2010இல், கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சுலா என்ற ஒயின் ஆலை விருந்தினர் தங்குவதற்கான விடுதியைத் திறந்தது. விற்பனை படுத்துக் கிடக்கும்போது, கடன் கொடுத்தவர்கள் வாசலில் நிற்கும்போது, ஒரு ஆலை எதற்காகக் கட்டில் மெத்தை வாங்கிப் போட வேண்டும்? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், கஷ்ட காலத்தில் ஒயின் ஆலைகள் சுற்றுலாவை எப்படி வளர்த்தன என்பதற்கு நாசிக்கைவிடத் தெளிவான உதாரணம் இந்தியாவில் கிடைக்காது.

விளம்பரம் செய்ய முடியாத பொருள்

சுலாவைத் தொடங்கிய ராஜீவ் சாமந்த் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் படித்து, ஆரக்கிள் நிறுவனத்தில் வேலை பார்த்துவிட்டு 1990களின் முற்பகுதியில் ஊர் திரும்பியவர். நாசிக் அருகே இருந்த குடும்ப நிலத்தில் மா, ரோஜா, சாப்பாட்டுத் திராட்சை என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார். அப்புறம்தான் ஒயின் எண்ணம். கெர்ரி டாம்ஸ்கி என்ற கலிஃபோர்னியா ஒயின் நிபுணரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு 1997இல் செனின் பிளாங், சோவினியோன் பிளாங் என்ற இரண்டு வெள்ளைத் திராட்சை வகைகளை நட்டார். 2000இல் முதல் பாட்டில்கள் வெளியே வந்தன. அம்மா சுலபாவின் பெயரைச் சுருக்கித்தான் சுலா.

2001இல் மகாராஷ்டிர அரசு ஒயினுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. உள்ளூர்த் திராட்சையில் செய்யும் ஒயினுக்குக் கலால் வரி விலக்கு கிடைத்தது. நாசிக் அருகே விஞ்சூரில் ஒயின் பூங்கா அமைந்தது. வரிசலுகை கிடைத்ததும் ஆளாளுக்கு ஆலை கட்டினார்கள். சில ஆண்டுகளில் மாநிலத்தில் ஆலைகளின் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டிப் போனது.

ஆலைகள் பெருகிய வேகத்தில் குடிப்பவர்கள் பெருகவில்லை. இந்தியர்கள் ஆண்டு முழுவதும் குடிக்கும் ஒயினை மக்கள் தொகையால் வகுத்தால் ஆளுக்கு அரை டம்ளர்கூடத் தேறாது. நம் ஊரில் முன்பு 'ஒயின் ஷாப்' என்று பலகை மாட்டிய கடைகளில் விற்றதெல்லாம் பிராந்தியும் விஸ்கியும்தானே. மும்பையிலும் அதே கதைதான். கடை அலமாரியின் ஒரு மூலையில் தூசி படிந்து நாலு ஒயின் பாட்டில் இருக்கும். வெயிலில் நின்று அதன் ருசியும் கெட்டிருக்கும்.

மக்களுக்குப் பழக்கமில்லாத பொருளை விற்க விளம்பரம் வேண்டும். இந்தியாவில் மதுவுக்கு விளம்பரம் செய்யச் சட்டம் இடம் தருவதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி உரிமம், தனித்தனி லேபிள் பதிவு, தனித்தனி வரி. நாசிக்கில் அடைத்த பாட்டில் பெங்களூருக்குப் போவது வெளிநாட்டுக்குப் போவது மாதிரிதான். பாட்டிலைத் தேடிப் போய் விற்க இத்தனை தடை இருந்ததால், ஆளைத் தோட்டத்துக்கே வரவழைப்பது என்ற யோசனை நாசிக்கில் ஆடம்பரமாகத் தோன்றவில்லை. வேறு வழி இல்லாமல் வந்த யோசனை அது. கலிஃபோர்னியாவில் அதற்கு முன்மாதிரி இருந்தது. நாபா பள்ளத்தாக்கில் ராபர்ட் மொண்டாவி 1966இல் தன் ஆலையைக் கட்டும்போதே வருகிறவர்கள் சுற்றிப் பார்க்கவும் சுவைக்கவும் வசதியாகத்தான் கட்டினார். சாமந்த் அந்த ஊர்ப் பழக்கத்தை நேரில் பார்த்தவர்.

ஆறு கிளாஸ், ஆளுக்குக் கால் பாட்டில்

2005இல் சுலா தன் ஆலைக்குள் ஒரு டேஸ்டிங் ரூம் திறந்தது. இந்தியாவில் இதுவே முதல் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. மாடியில் ஒரு நீளமான கவுன்ட்டர், வெளியே திறந்த தாழ்வாரம், கீழே வரிசை வரிசையாகக் கொடிகள், தூரத்தில் அணைத் தண்ணீர், அதற்குப் பின்னால் மலை. முதலில் அரை மணி நேரம் ஆலையைச் சுற்றிக் காட்டுவார்கள். பழம் எங்கே வந்து இறங்குகிறது, எங்கே பிழிகிறார்கள், ஸ்டீல் டேங்குகள் ஏன் சில்லென்று இருக்கின்றன, ஓக் பீப்பாய் எதற்கு என்று சொல்லிக்கொண்டே போவார்கள். பிறகு கவுன்ட்டருக்கு வந்தால் ஐந்தாறு ஒயின்களை ஒவ்வொன்றாகக் கொஞ்சம் ஊற்றித் தருவார்கள். கிளாஸை எங்கே பிடிக்க வேண்டும், ஏன் சுழற்ற வேண்டும், முகர்ந்தால் என்ன வாசனை வருகிறது என்று பொறுமையாகக் கற்றுத் தருவார்கள்.

நான் போனது ஒரு ஜனவரியில். எங்கள் குழுவில் இருபது பேர் இருந்திருப்போம். "முதல் தடவை ஒயின் குடிக்கிறவங்க யாரு?" என்று வழிகாட்டிப் பெண் கேட்டபோது பாதிக்கு மேல் கை தூக்கினார்கள். ஒரு வயதான தம்பதி, கல்லூரி முடித்த நாலு பெண்கள், ஒரு குஜராத்திக் குடும்பம். இந்தக் கைகளைப் பார்த்த பிறகுதான் டேஸ்டிங் ரூமில் பாதி வேலை பள்ளிக்கூட வேலை என்று எனக்குப் புரிந்தது. விளம்பரத்தால் செய்ய முடியாத அறிமுகம் அங்கே ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. மறுவாரம் அந்த நாலு பெண்களும் மும்பையில் ஒரு கடைக்குப் போனால் எந்தப் பெயரைக் கேட்பார்கள்?

கணக்கையும் பார்த்துவிடலாம். ஒருவருக்கு ஆறு ஒயின், ஒவ்வொன்றிலும் 30 மில்லி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 180 மில்லி. ஒரு பாட்டில் 750 மில்லி. அதாவது ஆளுக்கு ஏறக்குறைய கால் பாட்டில். அதற்கு வருகிறவர் காசு கொடுக்கிறார். அப்புறம் பசிக்கும், சாப்பிடுவார். கிளம்பும்போது இரண்டு பாட்டில் வாங்கிப் போவார். அந்த இரண்டு பாட்டிலில் மொத்த வியாபாரிக்கும் கடைக்காரருக்கும் போக வேண்டிய லாபம் ஆலையிடமே நின்றுவிடுகிறது.

அதைவிட முக்கியமான விஷயம் பணம் எப்போது கைக்கு வருகிறது என்பது. ஒயின் ஆலையின் பணம் ஜனவரி முதல் மார்ச் வரை பழமாக டேங்குக்குள் போய்விடும். வெள்ளை ஒயின் என்றால் சில மாதம், நல்ல சிவப்பு ஒயின் என்றால் ஒன்றிரண்டு வருஷம் கழித்துத்தான் பாட்டிலாக வெளியே வரும். கடைக்குப் போன பாட்டிலுக்கும் உடனே பணம் வராது. விநியோகஸ்தர் கடன் சொல்லுவார். நல்ல காலத்தில் இதை வங்கிக் கடனால் ஓட்டிவிடலாம். பொருளாதாரம் படுக்கும்போது முதலில் நிற்பது வங்கிக் கடன்தான். அந்த நேரத்தில் அன்றன்றைக்குப் பணம் கொண்டுவருகிறவர் வாசலில் வந்து இறங்கும் விருந்தினர் ஒருவர் மட்டுமே.

2008 குளிர்காலம்

2008 பிப்ரவரியில் சுலா தன் தோட்டத்தில் சுலாஃபெஸ்ட் என்ற இசைவிழாவைத் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்தது. நவம்பர் 26 இரவு மும்பையில் பயங்கரவாதத் தாக்குதல். தாஜ், டிரைடன்ட், ஓபராய் ஆகிய ஓட்டல்கள் எரிந்ததை நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். இந்திய ஒயின் அப்போது பெருமளவு ஓடியது இந்த மாதிரிப் பெரிய ஓட்டல்களில்தான். வெளிநாட்டுப் பயணிகள் வருவதை நிறுத்தினார்கள், கம்பெனி விருந்துகள் நின்றன, ஆர்டர்கள் காய்ந்தன. ஆனால் கொடி அதற்காகக் காய்க்காமல் இருக்காதே. அடுத்த ஜனவரியில் புது ஆலைகளுக்காக நட்ட பழமெல்லாம் சேர்ந்து வந்து நின்றது. டேங்குகளில் பழைய ஒயினே இருந்தது.

இந்த அடியில் விழுந்த பெரிய பெயர் சாட்டோ இண்டாஜ். புனே-நாசிக் சாலையில் நாராயண்காவில் இருந்த இந்த நிறுவனம்தான் 1980களிலேயே நுரைக்கும் ஒயின் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பிய முன்னோடி. ஷாம்ராவ் சௌகுலே தொடங்கியது. நல்ல காலத்தில் கடன் வாங்கி வெளிநாட்டு ஆலைகளை எல்லாம் வாங்கிப் போட்டது. பண ஓட்டம் நின்றதும் தாங்க முடியவில்லை. விவசாயிகளுக்கும் பாக்கி, வங்கிகளுக்கும் பாக்கி என்று மூழ்கிப்போனது. ஒயினை நன்றாகச் செய்யத் தெரிந்த நிறுவனம் அது, அதில் சந்தேகம் இல்லை. அதனால்தான் அதன் வீழ்ச்சி எனக்கு இன்னும் வலிக்கிறது. தொழில் தெரிந்தவர்களையும் கடன் கவிழ்த்துவிடும்.

2009இல் மாநில அரசு ஒரு கை கொடுத்தது. ஒயினுக்கான 20 சதவீத மதிப்புக்கூட்டு வரியில் 16 சதவீதத்தை ஆலைகளுக்குத் திருப்பித் தரும் திட்டம். அது பல ஆலைகளுக்கு மூச்சுவிட இடம் தந்தது. ஆனால் திருப்பித் தருகிற பணம் எப்போது கைக்கு வரும் என்பது அரசாங்கக் கஜானாவைப் பொறுத்தது.

இந்தச் சூழலில்தான் சுலா 2010இல் பியாண்ட் என்ற தன் விடுதியைத் திறந்தது. முதலில் கேட்ட கேள்விக்கு இப்போது வருவோம். நாசிக்கும் மும்பையும் ஏறக்குறைய 170 கிலோமீட்டர். நடுவில் கசாரா மலைப்பாதை. காலையில் கிளம்பி வந்தவர் மாலையில் அந்த மலைப்பாதையில் வண்டி ஓட்டித் திரும்ப வேண்டும் என்றால் இரண்டு கிளாஸுக்கு மேல் குடிக்க மாட்டார், குடிக்கவும் கூடாது. தங்க அறை இருந்தால் அவர் மாலை சூரியன் மறைவதைப் பார்ப்பார், இரவு சாப்பிடுவார், காலையில் தோட்டத்தில் நடப்பார். ஒரு மதியச் செலவு இரண்டு நாள் செலவாகிறது. சாலையில் ஒரு விபத்தும் குறைகிறது. எனக்கு இந்த இரண்டாவது காரணமே போதும்.

சரி, பணம் இல்லாத காலத்தில் மக்கள் வருவார்களா? மந்த காலத்தில் நடுத்தர வர்க்கம் பயணத்தை அடியோடு விடுவதில்லை, தூரத்தைக் குறைத்துக்கொள்கிறது. பாங்காக் போக நினைத்தவர் கோவாவுக்குப் போகிறார், கோவா போக நினைத்தவர் மூன்று நான்கு மணி நேரக் கார் தூரத்தில் எதையாவது தேடுகிறார். மும்பைக்கும் புனேவுக்கும் அந்தத் தூரத்தில் இருந்தது நாசிக்கின் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தைப் பயன்படுத்திக்கொள்ளக் கதவு 2005லேயே திறந்திருந்தது. நெருக்கடி வந்த பிறகு திறக்கலாம் என்றால் முடிந்திருக்காது.

கவாத்துக் கணக்கும் விடுமுறைக் கணக்கும்

நாசிக் சுற்றுலாவுக்கு வேறு யாரும் நகலெடுக்க முடியாத ஒரு பலம் இருக்கிறது. அதைக் கொடுத்தது பருவம்.

ஐரோப்பாவில் திராட்சைக் கொடி குளிர்காலத்தில் உறங்கும். வசந்தத்தில் துளிர்த்து இலையுதிர்காலத்தில் அறுவடை. நாசிக்கில் கொடியை உறங்க வைக்கும் அளவுக்குக் குளிர் கிடையாது. ஆகவே ஆண்டுக்கு இரண்டு கவாத்து, அதாவது இரண்டு தடவை கிளைகளை வெட்டிவிடுவது. ஏப்ரலில் ஒன்று, கிளைகளைத் தயார் செய்ய. மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, பூவுக்கும் காய்க்கும். அதனால் பழம் குளிர்காலத்தில் பழுக்கிறது. அறுவடை டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரை. நாசிக் கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜனவரி இரவுகளில் வெப்பம் பத்து டிகிரி வரைக்கும் இறங்கும். அந்தக் குளிர்தான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. அதே குளிருக்காகத்தான் மும்பைக்காரர்களும் வருகிறார்கள்.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறை, பொங்கல் சமயத்து சங்கராந்தி, பிப்ரவரி இளங்குளிர் எல்லாம் அறுவடையோடு சரியாகப் பொருந்துகிறது. கொடியில் பழம் தொங்கும்போது விருந்தினர் வருகிறார். பெரிய மரத்தொட்டியில் பழத்தைக் கொட்டிக் குழந்தைகளையும் பெரியவர்களையும் காலால் மிதிக்க விடுகிறார்கள். அந்தச் சாறு பாட்டிலுக்குப் போவதில்லை, மிதிக்கிற சந்தோஷத்துக்கு மட்டும்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொடியில் பழம் இருக்காது, ஆனால் மலையெல்லாம் பச்சை. மழை பார்க்கவே மும்பையிலிருந்து கூட்டம் வரும். இடைப்பட்ட ஏப்ரல், மே மட்டும் காய்ந்த மாதங்கள். கொடியை மொட்டையாகக் கவாத்து செய்திருப்பார்கள், வெயில் நாற்பது டிகிரியை நெருங்கும். அந்த இரண்டு மாதத்தில்தான் ஒரு ஆலையின் சுற்றுலா எவ்வளவு உறுதியானது என்று தெரியவரும். தோட்டத்தைக் காட்ட முடியாத நாளில் வருகிறவருக்கு நிழலும் நீச்சல் குளமும் நல்ல சாப்பாடும் இருக்க வேண்டும்.

சாப்பாடு என்றதும் இன்னொன்று. சுலா வளாகத்தில் சுத்த சைவ இத்தாலிய உணவகம் ஒன்றை வைத்தார்கள். மது விற்கும் இடத்தில் சைவச் சாப்பாடா என்று முதலில் எனக்கும் தோன்றியது. நாசிக் கோதாவரிக்கரைப் புண்ணியத் தலம். திரியம்பகேஸ்வரர் கோயில் பக்கத்தில், ஷீரடி இரண்டு மணி நேர தூரத்தில். குஜராத்தும் பக்கம். ஒரு காரில் வரும் ஆறு பேரில் நாலு பேர் குடிக்காதவர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு இடம் இல்லையென்றால் மீதி இரண்டு பேரும் வரமாட்டார்கள். குடிக்காதவரையும் விருந்தினராக மதித்ததுதான் இந்தியச் சூழலில் நாசிக் செய்த பெரிய கண்டுபிடிப்பு என்பேன். பிரான்சிலோ நாபாவிலோ இந்தப் பாடத்தைக் கற்றிருக்க முடியாது.

பக்கத்துத் தோட்டங்கள்

ஒரு ஆலைக்காக மட்டும் யாரும் இரண்டு நாள் ஒதுக்க மாட்டார்கள். சுலாவுக்கு வந்தவர் அடுத்து எங்கே போகலாம் என்று கேட்டார். அணைக்கரையில் கொஞ்ச தூரத்திலேயே யார்க் என்ற சின்னக் குடும்ப ஆலை. கூட்டம் குறைவு, ஊற்றித் தருகிறவரே நிதானமாகப் பேசுவார், தண்ணீருக்கு மேல் சூரியன் மறைவதை அமைதியாகப் பார்க்கலாம். சோமா என்ற ஆலை தோட்டத்தோடு விடுதியும் கட்டியது. இகத்புரிப் பக்கம் முகனே நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வாலோன். திண்டோரியில் பிரெஞ்சுக்காரர்களின் ஷாந்தோன். சுற்றுலாத் துறையும் கங்காபூர் அணைக்கரையில் கிரேப் பார்க் என்று ஒரு விடுதி கட்டியது.

பெரிய ஆலை இழுத்துவந்த கூட்டத்தில் சின்ன ஆலைகளும் பிழைத்தன. ஆனால் சின்ன ஆலையின் நிலை எப்போதும் நூலிழைதான். விருந்தினர் வந்தாலும் வராவிட்டாலும் டேஸ்டிங் ரூமுக்கு ஆள் வேண்டும், உரிமம் வேண்டும், கழிப்பறை சுத்தமாக இருக்க வேண்டும். யார்க் கடைசியில் 2021இல் சுலாவின் கைக்கே போனது. பள்ளத்தாக்கு முழுக்க ஒரே நிறுவனத்தின் நிழலில் வருவது நல்லதில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. வருகிறவர் பல கைகளின் ஒயினை ருசிக்கத்தான் இரண்டாவது முறையும் வருவார்.

நடுவில் 2016 நவம்பரில் பணமதிப்பிழப்பு, அடுத்த மாதமே நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. 2017 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தபோது நாடெங்கும் எத்தனையோ ஓட்டல்களில் மது நின்றது. மறுபடியும் ஓட்டல் வழி அடைபட்டது, மறுபடியும் தோட்டத்து வாசல் கைகொடுத்தது.

தோட்டம் மூடிய ஆண்டு

2020 மார்ச்சோடு முடிந்த நிதியாண்டில் சுலாவுக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்திருந்தார்கள். உலகத்திலேயே அதிகம் பேர் வரும் திராட்சைத் தோட்டங்களில் ஒன்று என்று சொல்லிக்கொள்ளும் எண்ணிக்கை. ஆனால் அதே ஆண்டில் நிறுவனத்துக்கு ஏறக்குறைய 16 கோடி ரூபாய் நஷ்டம். அந்த நேரத்தில் வந்தது ஊரடங்கு.

தேதியைக் கவனியுங்கள். மார்ச் 25. அறுவடை அப்போதுதான் முடிந்து டேங்குகள் நிறைந்திருந்தன. கடை, பார், ஓட்டல் எல்லாம் மூடல். இம்முறை தோட்டத்து வாசலும் மூடல். சுற்றுலாவை நம்பிய ஆலைக்கு இதைவிட மோசமான அடி இருக்க முடியாது. மே மாதத்தில் மது வீட்டுக்கே கொண்டுவந்து தர மாநிலம் அனுமதித்தது. ஜூலையில் ஓட்டல்கள் மூன்றில் ஒரு பங்கு ஆட்களோடு திறக்கலாம் என்றார்கள். உணவகமும் பாரும் அக்டோபரில்தான் திறந்தன.

இந்த இடைவெளியில் சுலா செய்த காரியத்தில் எனக்குப் பிடித்தது, பலவற்றை விட்டுவிட்டது. பிறர் தயாரித்த வெளிநாட்டு மதுவகைகளை இறக்குமதி செய்து விற்கும் வியாபாரம் அதுவரை விற்றுமுதலில் நல்ல பங்கு வகித்தது. பார்ப்பதற்குப் பெரிய தொகை, கையில் நிற்பது கொஞ்சம். அதைக் குறைத்துக்கொண்டு தன் சொந்த ஒயினிலும் தோட்டத்திலும் கவனம் வைத்தது. விளைவைக் கணக்குகளிலேயே பார்க்கலாம். 2020 நிதியாண்டில் வருவாய் சுமார் 522 கோடி, நஷ்டம். அடுத்த ஆண்டு வருவாய் 418 கோடியாகச் சுருங்கியது, ஆனால் 3 கோடி லாபம். அதற்கடுத்த ஆண்டு வருவாய் 454 கோடி, லாபம் 52 கோடி. வருவாய் பழைய அளவுக்குத் திரும்பும் முன்பே லாபம் வந்துவிட்டது.

இதில் சுற்றுலாவின் பங்கு என்ன? விமானம் ஏற முடியாத மும்பை, காரில் ஏறியது. திறந்த வெளி, காற்றோட்டம், கூட்டத்திலிருந்து தள்ளி ஒரு அறை. மக்கள் தேடியது இதைத்தான், தோட்டத்தில் அது ஏற்கெனவே இருந்தது. 2021 ஏப்ரலில் இரண்டாவது அலை மறுபடி எல்லாவற்றையும் நிறுத்தியது. அலை ஓய்ந்ததும் கூட்டம் மறுபடி வந்தது. 2022 டிசம்பரில் நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது, வெளியீட்டு விலை ஒரு பங்கு 357 ரூபாய்.

அதே 2022 ஜனவரியில் சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒயின் விற்க மாநில அமைச்சரவை அனுமதி தந்தது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் இருப்பேன் என்றார், எதிர்ப்பு வலுத்தது, திட்டம் அப்படியே நின்றது. எதிர்த்தவர்களின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குடி எத்தனை வீட்டை அழித்திருக்கிறது என்று நமக்குத் தெரியாதா? எப்படியோ, இன்னொரு கடைவழியும் அடைபட்டதால் ஆலைகளின் பார்வை மறுபடியும் தோட்டத்து வாசலுக்கே திரும்பியது.

மறுபடியும் மந்தம்

2024 நிதியாண்டில் சுலாவின் வருவாய் 600 கோடியைத் தாண்டியது, லாபம் சுமார் 93 கோடி. அடுத்த ஆண்டே நகரங்களில் மக்கள் கையைச் சுருக்கினார்கள். லாபம் சுமார் 70 கோடிக்கு இறங்கியது. 2025இல் பங்கு விலை வெளியீட்டு விலைக்கும் கீழே போனது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான காலாண்டில் ஒயின் விற்பனை குறைந்தபோது சுற்றுலா வருவாய் ஏறியது. 2020க்குப் பிறகு நின்றிருந்த சுலாஃபெஸ்டும் 2025 பிப்ரவரியில் திரும்ப நடந்தது. அந்த ஜூனில் மும்பை-நாக்பூர் சம்ருத்தி நெடுஞ்சாலையின் கடைசித் துண்டு இகத்புரி வழியே திறந்தது. கசாரா மலைப்பாதையைச் சுற்றிக்கொண்டு ஏற வேண்டிய சிரமம் பெருமளவு போயிற்று.

மொத்த வருவாயில் சுற்றுலா இன்னும் சிறுபங்குதான். பெரும்பங்கு கடைகளில் விற்கும் பாட்டில்கள்தான். சுற்றுலா மட்டும் ஆலையைக் காப்பாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அது தருவது கைக்காசும் புதிதாக ஒயின் குடிப்பவரின் அறிமுகமும். மீதியைக் கடனளவும் வரிக்கொள்கையும் ஒயினின் தரமும் முடிவு செய்யும்.

எனக்கு இரண்டு விஷயத்தில் மனம் சமாதானம் ஆகவில்லை. ஒன்று தண்ணீர். கங்காபூர் அணை நாசிக் நகரத்தின் குடிநீர். அதன் கரையில் விடுதிகள் நெருக்கமாக எழ எழ, கழிவுநீர் எங்கே போகிறது என்று கேட்க ஆள் வேண்டும். இன்னொன்று விவசாயி. சுலா 12 ஆண்டு வரை நீளும் ஒப்பந்தங்களில் விவசாயிகளிடம் பழம் வாங்குகிறது. 2009இல் ஒப்பந்தம் இல்லாமல் நின்றவர்கள் பட்ட பாட்டைப் பார்த்தால் இது பெரிய பாதுகாப்பு. ஆனால் டேஸ்டிங் ரூமில் வரும் காசில் அவருக்குப் பங்கில்லை. படம் எடுக்கிற கொடியை வளர்ப்பவர் அவர், விலை பேசப்படுவது பழத்துக்கு மட்டும். விவசாயியின் தோட்டத்தையும் சுற்றிக்காட்டும் பயணத்தில் சேர்த்து, நுழைவுக் கட்டணம் அவர் கைக்கே போகும்படி செய்தால் என்ன?

இதைக் கேட்கும்போது என் நினைவு ஊருக்குத்தான் போகிறது. எங்கள் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டில் மது விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது, நாசிக் மாதிரி ஆலைவாசல் வியாபாரம் இங்கே எளிதில் நடக்கப்போவதில்லை. ஆனால் சுருளிப்பட்டி, கூடலூர்ப் பக்கம் தேக்கடிக்குப் போகிற, வருகிற வண்டிகள் பல ஆண்டுகளாகவே தோட்டங்களில் நிற்கின்றன. ஒயின் இல்லை, பழமும் சாறும் மட்டும்தான். வியாபாரி கேட்கும் விலைக்குக் கூடை கூடையாகக் கொடுக்கிற பழத்தை அங்கே தோட்டக்காரரே கிலோவுக்கு விலை சொல்லி விற்கிறார்.

போன தடவை ஊருக்குப் போனபோது எங்கள் சித்தப்பா தோட்டத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பந்தலுக்கு அடியே நாலு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு மேசை, மிக்சி, பாட்டில் தண்ணீர். கவாத்து முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, தலைக்கு மேல் வெறும் கொடியும் கம்பியும். அதற்கும் ஒரு கேரள வண்டி வந்து நின்றிருந்தது. கவாத்து என்றால் என்ன, பழம் எத்தனை மாதத்தில் வரும் என்று அந்தக் குடும்பம் கேட்டுக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் கத்தரியைக் கையில் எடுத்து, எந்தக் கணுவுக்கு மேலே வெட்ட வேண்டும் என்று காட்டிக்கொண்டிருந்தார்.